பக்கம் முப்பத்தொன்று

மிதிவண்டியோடு வந்த கையேட்டில்
முப்பத்தொன்றாம் பக்கம், குளிர்காலம்.
ஐந்து வருடமாய் அதைப் புரட்டியதில்லை.
ஈசூனில் யாருக்கு வேண்டும் குளிர்காலம்?

நவம்பரில் மழை விட்ட ஒரு மாலை,
செலேத்தார் நீர்த்தேக்கத்தோரப் பலகைப் பாதையில்
வசுமதி சறுக்கினாள்.
வண்டிக்கு ஒரு கீறல்.
அவளுக்கு முழங்காலில் இரண்டு திருகாணி.
"மார்ச் வரைக்கும் சைக்கிளை மறந்திடணும்"
என்றார் மருத்துவர் என்னைப் பார்த்து,
ஏதோ நான் ஓட்டி விழுந்ததுபோல.

கீழே நிறுத்துமிடத்தில் விட முடியாது.
ஓடாத வண்டிகளின் கழுத்தில்
நகர மன்றம் சீட்டுக் கட்டிவிடுகிறது,
இத்தனாம் தேதிக்குள் அகற்று என்று.
வாசலில் வைத்தால் சாரல்,
போதாததற்கு ஹமீதா வீட்டுச் செருப்பு அடுக்கு.
மிச்சம் இருந்தது
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டுக்குள்ளேயே கட்டித் தந்திருக்கும்
சன்னல் இல்லாத அறை.
இதுவரை குண்டு எதுவும் வராததால்
அதில் அரிசி மூட்டை,
ஒரு றெக்கை போன மின்விசிறி,
தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் மடக்கு நாற்காலிகள்.

சூடேற்றாத அறையில் வைப்போர்
முதலில் பனியைத் தட்டிவிடவும், என்கிறது கையேடு.
நான் ஈரத்தைத் துடைத்தேன்.
சாலையில் தூவிய உப்பு சங்கிலியை அரிக்குமாம்.
நம் சாலைக்கு யார் உப்புப் போடுகிறார்கள்?
இருந்தாலும் பழைய பல்துலக்கியால்
கண்ணி கண்ணியாய்த் தேய்த்தேன்.
டயர் தரையில் படாமல் தொங்கவிடவும்.
அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட
விதி இடம் தராது.
தலைகீழாய்க் கவிழ்த்து வைத்தேன்,
மல்லாந்த கரப்பான்போல,
சக்கரம் இரண்டும் மேலே.

டிசம்பர் முழுக்க மழை.
இருபத்துமூன்று டிகிரிக்கே
ரயிலில் எல்லார் மேலும் ஸ்வெட்டர்.
வசுமதியின் டிகிரி வேறு.
எழுபது வரை மடங்குகிறது முழங்கால்.
மிதிக்க நூற்றுப்பத்து வேண்டும்.
குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து
ஒரு தாளில் எழுதி வருகிறாள்,
எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று.
அந்த எழுபத்தொன்றை
இரண்டு முறை அடித்திருக்கிறாள்.
வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
விற்றுவிடலாமா என்று நான் கேட்டதற்கு
"உங்க இஷ்டம்" என்றாள்.
அது அவள் இஷ்டமில்லாத எல்லாவற்றுக்கும் சொல்வது.

மூன்று மணி இருக்கும், விழிப்புத் தட்டியது.
பக்கத்தில் தலையணை மட்டும்.
ஊன்றுகோலையும் காணவில்லை.
வெளியே சத்தம், மழை என்று நினைத்தேன்.
மழைக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.
டிக்டிக்டிக்டிக்,
பிறகு டிக், டிக்,
பிறகு ஒன்றே ஒன்று.
மறுபடி ஒரு கை சுழற்றிவிட்டது.

இரும்புக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
உள்ளே விளக்கில்லை.
அரிசி மூட்டை அவள் எடைக்கு நெரிந்து முனகியது.
போய்த் தோளில் கை வைக்கலாம்.
என்ன செய்யறே என்று கேட்கலாம்.
கேட்டால் நின்றுவிடும் என்று தோன்றியது.
திரும்பி வந்து படுத்து
தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டேன்.
அரைமணி கழித்து
கீல் கிறீச்சிட்டது, ஊரே எழுந்துவிடும்போல.
அவள் அசையாமல் நின்றாள் கொஞ்ச நேரம்.
நானும் மூச்சை மாற்றவில்லை.

காலையில் துவைக்கப் போட்ட இரவுடையில்
நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்.
பாத்திர சோப்பு ஊற்றி ஊறவைத்தேன்.
முழுக்கப் போகவில்லை.
அப்புறம் கையேட்டை மறுபடி எடுத்தேன்.
கடைசி வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்:
அவ்வப்போது சக்கரத்தைச் சுழற்றிவிடவும்,
இல்லையேல் உள்ளே இறுகிப்போகும்.

எண்ணெய்க் குப்பியில் கொஞ்சம் மீதி இருந்தது.
அவள் பிசியோவுக்குப் போன நேரம் பார்த்து
அந்த இரும்புக் கதவின் கீலுக்கு
மூன்று சொட்டு விட்டேன்.